வெயிலில் வைத்த நான்கு பற்றரிகள்

புரட்டாதி மாதக் கடைசி. பட்டறையின் பின்புறம், தண்ணீர்த் தாங்கிக்கு அருகில் கிடந்த ஒரு தகரத் துண்டின்மேல் கைவிளக்குக்குப் போடும் நான்கு ரோச் பற்றரிகளை வரிசையாகப் படுக்கவைத்தேன். அவை உருண்டு விழாதபடி இரு பக்கமும் கல் வைத்தேன். தகரம் விரல் நுனியைச் சுட்டது. காற்றில் செம்மண் புழுதியின் மணம் இருந்தது.

ஒரு காரியத்தை முறைப்படி செய்து முடித்த திருப்தியோடு கைகளைக் கழுவிக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு என் கண்ணாடி அறைக்குத் திரும்பினேன்.

அந்தத் திருப்தி அரை மணி நேரம் நீடித்தது.

ஒரு வாக்கியம் பற்றி

மூன்று கிழமைகளுக்கு முன், இப்பத்திரிகையின் இதே பக்கத்தில், கிளிநொச்சியில் நான் முகாமையாளராக இருந்த பட்டறையைப் பற்றி எழுதினேன். அதில் ஒரு வாக்கியம் வந்தது: ‘இயந்திர நிரல்களைப் பிரதி எடுத்து வெவ்வேறு இடங்களில் பாதுகாக்கும் முறையை நானே வகுத்து நடைமுறைப்படுத்தினேன்.’

வாசகர்கள் சிலர் அந்த வாக்கியத்தைக் குறிப்பிட்டுப் பாராட்டிக் கடிதம் எழுதியிருந்தார்கள். பாராட்டு எனக்குப் புதிதன்று. பல ஆண்டுகளாக அதே விடயத்துக்காக அதே பாராட்டைப் பெற்று வந்திருக்கிறேன். ஆனால் அச்சில் என் கையாலேயே எழுதப்பட்டதாக அதைப் பார்த்தபோது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் வாசிக்க வேண்டியிருந்தது.

அந்த வாக்கியம் உண்மையன்று.

என் பெயரை நான் எவ்வளவு கவனமாகக் காத்து வந்தவன் என்பது இத்தொடரை வாசிப்போருக்குத் தெரியும். குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து வயல் செய்த ஒருவரின் மகன் நான். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துத் தேறியவன். எத்தனை இடம்பெயர்வு வந்தபோதும் மடிப்புக் கலையாத சட்டையோடுதான் வேலைக்குப் போனவன். அப்படிப்பட்டவனுக்கு இதை எழுதுவது எளிதாக இல்லை. ஆயினும் எழுதுகிறேன்.

‘ஆயத்தமோ?’

எங்கள் பட்டறையில் நான்கு இயந்திரங்கள் கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கின. எல்லாம் பாவித்த இயந்திரங்கள். யப்பானில் எங்கோ தேய்ந்து, கொழும்புக்கு வந்து, பிறகு எங்களிடம் வந்து சேர்ந்தவை. நெல் ஆலைக்கான உருளைகள், நீரிறைக்கும் இயந்திரத்தின் அச்சுகள், குளத்து மதகுக் கதவுகளான துருசுகளை ஏற்றி இறக்கும் திருகுத் தண்டுகள் முதலியவற்றைக் கடைந்து கொடுத்தோம்.

இவ்வகை இயந்திரத்துக்கு மூளை வெளியிலிருந்து வர வேண்டும். கத்தி எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும், தண்டு எந்த வேகத்தில் சுழல வேண்டும் என்பதை எண்களாக வரி வரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு நிரல் என்று பெயர். எங்கள் ஆட்கள் புரோகிராம் என்பார்கள்.

வெட்டிப் பார்த்துத் திருத்திய இறுதி நிரல் இயந்திரத்தின் நினைவிலேயே இருக்கும்; முதல் வடிவம் என் கண்ணாடி அறைக் கணினியில் எழுதப்படும். அங்கிருந்து கூரை வளையோடு ஒரு கேபிள் ஓடி, நான்காகப் பிரிந்து, ஒவ்வொரு இயந்திரத்துக்கும் இறங்கியது. அணில் கடித்த இடங்களில் சைக்கிள் ரியூப் சுற்றியிருந்தோம். அதுதான் எங்கள் வலையமைப்பு.

அதில் ஒரு முறை உண்டு. வாங்கும் பக்கம் முதலில் ஆயத்தமாகிக் காத்திருக்க வேண்டும். பிறகுதான் அனுப்பும் பக்கம் பொத்தானை அழுத்தலாம். முந்தி அழுத்தினால், அனுப்பியது காற்றோடு போகும். அனுப்பியவரிடம் இயந்திரம் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லாது.

கண்ணாடி அறைக்கும் இயந்திரங்களுக்கும் இடையில் இருபது யார், அதாவது அறுபது அடி தூரம். நடுவில் அரைக்கும் சத்தம், அடிக்கும் சத்தம். ஆகவே அனுப்புகிறவர் உரக்கக் கேட்பார்: “ஆயத்தமோ?” வாங்குகிறவர் திருப்பிச் சொல்வார்: “ஓம், விடுங்கோ.”

நான் கணினியில் இருப்பேன். மறுமுனையில் பெரும்பாலும் செல்வமலர் இருப்பார்.

செல்வமலர்

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கலாம். பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து பூவரசங்குளத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். பட்டறையில் இரும்புத் தூள் கூட்டும் வேலைக்கு வந்தவர், மூன்று ஆண்டுகளில் நிரல் எழுதத் தொடங்கினார். நான் கல்லூரியில் கற்ற கோணக் கணக்கை அவர் பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் போட்டு முடிப்பார். விடை ஒன்றாகவே இருக்கும். அவருடையது சற்று விரைவாக வரும்.

இதை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

எங்கள் கூவலைக் கேட்டுப் பழைய கைக்கடைசல் இயந்திரத்தில் நிற்கும் நாகலிங்கம் பகிடி விடுவார். “கலியாணவீட்டில பொம்பிளை மாப்பிளையைக் கூட இத்தினை தரம் கேக்கிறேல்ல, ஆயத்தமோ ஆயத்தமோ எண்டு.”

“உங்கட கலியாணத்தில அப்பிடிக் கேளாமல் விட்டதாலதானே நீங்கள் இப்பிடி இருக்கிறியள், நாகலிங்கண்ணை,” என்பார் செல்வமலர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அந்தப் பட்டறையின் ஓசைகளில் இன்று என் காதில் மிஞ்சியிருப்பது அந்தக் கேள்வியும் விடையும்தான். மழைநாளில் தகரக் கூரை இரையும்போது இருவரும் தொண்டை கிழியக் கத்துவோம். வெட்டும் இடத்தில் ஊற்றும் பால்நிறத் தண்ணீரின் புளித்த மணமும், நாகலிங்கத்தின் வானொலியும், அந்தக் குரல்களும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன.

அதை நிறுத்தியவன் நான்.

விருந்தினர் சிரித்த நாள்

ஒருநாள் முதலாளி தவராசா கொழும்பிலிருந்து சில விருந்தினரை அழைத்து வந்தார். அவர்களுக்குச் செயல்முறையைக் காட்டுவதற்காக நான் கணினி முன் நின்று விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கத்தின் உச்சத்தில், கேட்க வேண்டியதைக் கேட்காமல், பொத்தானை அழுத்திவிட்டேன்.

இருபது யாருக்கு அப்பாலிருந்து செல்வமலரின் குரல் வந்தது.

“ஐயா, நான் ஆயத்தமில்லை. கேக்காமல் விட்டால் ஆர் பிடிக்கிறது?”

விருந்தினர் சிரித்தார்கள். தீங்கான சிரிப்பன்று. முதலாளியும் சிரித்தார். “என்ன மாஸ்டர், சந்தை மாதிரிக் கிடக்கு,” என்றார்.

நானும் புன்னகை செய்தேன். அன்று மாலை ஒரு புதிய ஒழுங்கை எழுதிப் பலகையில் ஒட்டினேன். பட்டறையில் கூவுதல் ஆகாது. இயந்திரங்களுக்கு நிரல் அனுப்பும்போது ஒருவர் நடந்து வந்து அறிவிக்க வேண்டும். கிழமைதோறும் நிரல்களைப் பிரதி எடுக்கும் பொறுப்பு முகாமையாளருக்கு மட்டுமே உரியது. எவரும் பென் ட்ரைவில் எதையும் பதிந்து வெளியே கொண்டு செல்லக் கூடாது, மீறுவோர் வேலையிலிருந்து நிறுத்தப்படுவர். கீழே கையொப்பமிட்டேன்.

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் நானே தனியாகப் பிரதி எடுத்தேன். இயந்திரத்தருகே போய், அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, நிதானமாக நடந்து வந்து, என் கதிரையில் அமர்ந்து, வாங்கும் பக்கத்தைத் திறப்பேன். திரையில் கோப்பின் பெயர் தோன்றும். அன்றைய திகதி தோன்றும். பதிவேட்டில் நீல மையால் ‘பிரதி எடுக்கப்பட்டது’ என்று எழுதிக் கையொப்பமிடுவேன்.

முறையை அறிந்த வாசகர் இதற்குள் என் பிழையைக் கண்டிருப்பார். நான் அறியவில்லை. இருபது யார் நடப்பதற்குள் இயந்திரம் எல்லாவற்றையும் காற்றில் கொட்டி முடித்திருந்தது. நான் திறந்தது வெறும் கோப்பு. பெயர் இருந்தது, திகதி இருந்தது, உள்ளே ஒன்றும் இருக்கவில்லை. ஏழெட்டு மாதங்கள் ஒன்றுமில்லாததற்குக் கையொப்பமிட்டு வந்தேன்.

பற்றரி கிடைக்காத காலம்

இங்கே சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டும். இல்லாவிடில் தகரத்தின்மேல் வைத்த பற்றரிகள் இளைய வாசகர்க்கு விளங்கா.

யுத்தகாலத்தில் வன்னிக்குள் பற்றரி வரத் தடை இருந்த ஆண்டுகள் உண்டு. நான் அப்போது நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்திக் கொடுத்து வாழ்ந்தேன். ஒரு சோடி ரோச் பற்றரியை ஒரு வீட்டார் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். செத்துப்போன பற்றரியை எவரும் எறிந்ததில்லை. வெயிலில் காயவைப்போம். காய்ந்த பற்றரி சற்று உயிர் பெறும். வானொலியில் இன்னும் ஒரு செய்தியறிக்கை கேட்கத் தாங்கும். செய்தி பாதியில் தேய்ந்து நிற்கும்போது, சுற்றியிருப்போர் மீதியைத் தாமே ஊகித்துப் பேசி முடிப்பார்கள்.

இன்னொரு பழக்கமும் அக்காலத்தது. மின்பிறப்பாக்கியின் மின்னோட்டம் ஏறியிறங்கிப் பல உயிர்களையும் கருவிகளையும் கெடுத்திருந்தது. ஆகவே எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் மெயின் சுவிச்சை நிறுத்துவோம். என் பட்டறையிலும் அதை எழுதிப் பலகையில் தொங்கவிட்டிருந்தேன்.

இரண்டும் நல்ல பழக்கங்கள். அவை இரண்டும் சேர்ந்து அன்று என்னைக் கவிழ்த்தன.

அன்று காலை

அன்று பெரிய கடைசல் இயந்திரத்தில் ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு குளத்தின் திருகுத் தண்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. பழைய துருசுகளைக் கழற்றிவிட்டு வாய்க்கால் வாயை மண்மூடைகளால் அடைத்திருந்தார்கள். மாரி மழை தொடங்குமுன் தண்டுகள் பொருத்தப்பட வேண்டும். இல்லையேல் குளத்தில் தண்ணீர் நிற்காது, அந்த ஊருக்குக் காலபோக நெல் விளைச்சலும் இல்லை. ஆறில் இரண்டே முடிந்திருந்தன. மாலை நான்கு மணிக்கு முதலாளி, வேலையைப் பார்க்கப் பொறியியலாளர் ஒருவரோடு வருவதாக இருந்தார்.

பத்து மணியளவில் செல்வமலர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“ஐயா, பெரிய மெசின்ர திரையில பற்றரி குறைவு எண்டு மினுங்குது. மாத்தவேணும். ஓடிக்கொண்டிருக்கேக்கையே மாத்தவேணுமெண்டு நினைக்கிறன்.”

“மின்னோட்டம் இருக்கப் பெட்டியைத் திறக்கிறதோ? பலகையில என்ன எழுதிக்கிடக்கு, வாசியுங்கோ.”

அவர் திரும்பிப் பார்த்து வாசித்தார். “பெட்டியைத் திறக்குமுன் மெயின் சுவிச்சை நிறுத்துக.”

“கீழ என்ன கிடக்கு?”

“உங்கட கையொப்பம், ஐயா.”

மேற்கொண்டு பேச இடமிருக்கவில்லை. நானே போய் மெயின் சுவிச்சை நிறுத்தினேன். பெட்டியைத் திறந்தேன். உள்ளே நான்கு சாதாரண ரோச் பற்றரிகள். அவற்றைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை பெரிய இயந்திரத்துக்கு இதுதானா என்று எண்ணினேன். புதிய பற்றரி முந்நூறு யார் தூரத்துக் கடையில் தொங்கியது. ஆனால் என் கை பழைய காலத்தில் இருந்தது. முதலில் வெயிலில் வைத்துப் பார்ப்போம், போதாவிட்டால் வாங்குவோம் என்று தீர்மானித்தேன்.

மின்னோட்டம் இல்லாத நேரத்தில் இயந்திரத்தின் நினைவைத் தாங்கி நிற்பவை அந்த நான்கு பற்றரிகளே என்பதைக் கைந்நூல் சொல்லியிருக்கலாம். கைந்நூல் யப்பானிய மொழியில் இருந்தது.

சாதகம் அழிந்த இயந்திரம்

அரை மணி நேரத்தின் பின் பற்றரிகளைப் போட்டு, மெயின் சுவிச்சைப் போட்டேன். திரை முழுவதும் எச்சரிக்கை வரிகள் நிறைந்தன. நிரல் ஒன்றும் இல்லை. அதைவிடக் கேடு, இயந்திரம் பிறந்தபோது அதற்குக் கொடுக்கப்பட்ட எண்களும் போயிருந்தன. தன் அச்சு எவ்வளவு நீளம், எங்கே நிற்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியவில்லை. அந்த எண்களைச் செல்வமலர் ‘மெசின்ர சாதகம்’ என்று சொல்வார்.

நாகலிங்கம் எட்டிப் பார்த்தார். “என்ன மாஸ்டர், இது முழுக்க மறந்துபோச்சுதோ?”

“பதற வேண்டாம். கிழமைக்குக் கிழமை பிரதி எடுத்து வைச்சிருக்கிறன்,” என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

அறைக்குள் போய்க் கடந்த வெள்ளிக்கிழமையின் கோப்பைத் திறந்தேன். வெள்ளைத் திரை. அதற்கு முந்திய வெள்ளியைத் திறந்தேன். அதுவும் வெள்ளை. அதற்கு முந்தியது. அதற்கும் முந்தியது. பதிவேடு மேசைமேல் திறந்தபடி கிடந்தது. ஒவ்வொரு வெள்ளைக்கும் எதிரே என் கையொப்பம் நீல மையில் அழகாக இருந்தது.

மாலை நான்கு மணிக்கு நான் முதலாளிக்கு முன்னால், ஒரு பொறியியலாளருக்கு முன்னால், இந்தப் பதிவேட்டை விரிக்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகளாகச் சேர்த்த பெயர் அந்த மேசையில் கிடந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். செல்வமலர் கண்ணாடிக்கு வெளியே நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. கதவைத் திறந்து உள்ளே வந்து, பின்னால் சாத்தினார்.

“ஐயா, கோவிக்கமாட்டியள் எண்டால் ஒண்டு சொல்லுறன்.”

“சொல்லுங்கோ.”

“என்னட்ட ஒரு கொப்பி கிடக்கு. எல்லா மெசின்ர புரோகிராமும், சாதகமும். நீங்கள் இல்லாத நேரம் உங்கட கணினியில எடுத்து, போன ஞாயிறு கொண்டுபோய் வைச்சது.”

“எங்க?”

“ஒட்டுசுட்டானில, அக்கா வீட்டில.” பிறகு பலகைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். “பென் ட்ரைவிலதான்.”

அவருடைய வேலை அந்த ஒரு சொல்லில் தொங்கியது. அதை எழுதித் தொங்கவிட்டவன் நான்.

“நீங்கள் தங்கியிருக்கிற அறை இங்க பக்கத்திலதானே. அங்க வைச்சிருந்தால் உடன எடுத்திருக்கலாம்,” என்றேன்.

“என்ர அறையும் பட்டறையும் ஒரே ஊரில, ஐயா. ஒண்டுக்கு வாறது மற்றதுக்கும் வரும்.”

விதைநெல்லுக்குள்

பட்டறையின் பிக்கப்பை நானே ஓட்டினேன். மாங்குளத்தில் திரும்பிக் கிழக்கே போனோம். வீதியோரக் காட்டில் யானை முறித்த கிளைகள் பச்சையாகக் கிடந்தன.

வழியில் செல்வமலர் பேசினார். கடைசி இடம்பெயர்வில் அவர்கள் குடும்பத்தின் பிறப்புப் பத்திரங்கள், காணி உறுதி, பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே பையில் இருந்தனவாம். அந்தப் பை ஒரு சைக்கிளின் கரியரில் கட்டியிருந்ததாம். சைக்கிள் வந்து சேரவில்லை. அதைத் தள்ளிவந்த அவருடைய கணவரும் வந்து சேரவில்லை. அவர் இறந்ததற்கான பத்திரம் எடுக்கப் போனபோது, அவர் பிறந்ததற்கான பத்திரத்தைக் கேட்டார்களாம்.

“அதுக்குப் பிறகு நாங்கள் ஒண்டையும் ஒரு இடத்தில வைக்கிறேல்ல, ஐயா. எதெண்டாலும் மூண்டு. கையில ஒண்டு, வீட்டில ஒண்டு, தூரத்தில ஒண்டு. இது கனபேர் வீட்டில உள்ள பழக்கந்தான்.”

நான் வீதியையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். கல்லூரியில் பிரதி காக்கும் கலையைப் பற்றி எனக்கு எவரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

அக்கா இராசாத்தி வாசலில் நெல் காயப்போட்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தங்கையிடம் கேட்டார்.

“இவரோ அந்த ஐயா? பென் ட்ரைவ் கொண்டுபோனால் வீட்டுக்கு அனுப்பிற ஐயா?”

“அக்கா, சும்மா இரு.”

“நான் சும்மாதான் கேக்கிறன். இருங்கோ ஐயா, தேத்தண்ணி போடுறன். வீட்டுக்கு அனுப்பிறதெண்டால் குடிச்சிட்டு அனுப்புங்கோ.”

விதைநெல் வைத்திருந்த வாளியின் மூடியைத் திறந்து, முழங்கை வரை கையை விட்டு, ஒரு பொலித்தீன் சுருளை எடுத்தார். அதற்குள் அடையாள அட்டைப் பிரதிகள், உறுதிப் பிரதி, ஒரு பழைய குடும்பப் படம். நடுவே துணியில் சுற்றிய பென் ட்ரைவ்.

“எங்கட சாதகத்தோட உங்கட மெசின்ர சாதகமும் கிடக்கு. ரெண்டுக்கும் பொருத்தம் பாத்தனீங்களோ?” என்று கேட்டுக்கொண்டே அதை என் கையில் வைத்தார். அதில் நெல்லுமி ஒட்டியிருந்தது.

தேநீரைக் குடித்தேன். மிகவும் இனிப்பாக இருந்தது. மறுக்கும் நிலையில் நான் இல்லை.

மீண்டும் அந்தக் கேள்வி

இரண்டு மணிக்குத் திரும்பினோம். இயந்திரம் வெளியிலிருந்து எதையும் வாங்கும் நிலைக்கு வருவதற்குச் சில எண்களைக் கையால் அழுத்த வேண்டும். அவற்றைச் செல்வமலர் பெட்டிக் கதவின் உட்புறத்தில் முன்பே எழுதி ஒட்டியிருந்தார். அழுத்தி முடித்து, இயந்திரத்தின் முன் நின்றார். நான் கண்ணாடி அறையில் கணினியின் முன் அமர்ந்தேன்.

என் ஒழுங்கின்படி ஒருவர் நடந்து வந்து அறிவிக்க வேண்டும். செல்வமலர் அசையவில்லை. என் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கதவைத் திறந்து வைத்தேன். “ஆயத்தமோ?” என்றேன்.

“கேக்கேல்ல, ஐயா.”

நாகலிங்கம் தன் இயந்திரத்தை நிறுத்தினார். பட்டறை முழுவதும் அமைதியாயிற்று. எல்லோரும் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, விருந்தினர் வந்த நாளின் பின் முதன்முறையாகக் குரலை உயர்த்தினேன்.

“ஆயத்தமோ?”

“ஓம், விடுங்கோ.”

விட்டேன். இருபது யாருக்கு அப்பால் திரையில் எண்கள் எறும்பு வரிசைபோல் ஏறத் தொடங்கின. கடைசி வரி ஏறியதும் செல்வமலர் கையை உயர்த்தினார். மூன்றரை மணிக்கு மூன்றாவது தண்டின் திருகு வெட்டத் தொடங்கியது. பால்நிறத் தண்ணீர் ஊற்றும் சத்தத்தை அவ்வளவு இனிமையாக நான் அதற்கு முன் கேட்டதில்லை.

முதலாளியின் கேள்வி

நான்கு மணிக்கு முதலாளியும் பொறியியலாளரும் வந்தார்கள். நாகலிங்கத்துக்கு வாய் நிற்கவில்லை. “காலமை இது செத்துக் கிடந்ததுங்கோ. இப்ப பாருங்கோ,” என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். “என்ன நடந்தது மாஸ்டர்?”

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசை. எழுத முடியவில்லை.

செல்வமலர் முந்திக்கொண்டார். “மெசின்ர நினைவு அழிஞ்சுபோச்சு. இப்பிடி வரக்கூடுமெண்டு ஐயாதான் முதலே வெளியூரில ஒரு கொப்பி வைக்கச் சொன்னவர். அதை எடுத்து ஏத்தினம்.”

பொறியியலாளர் புருவத்தை உயர்த்தித் தலையசைத்தார். முதலாளி என் தோளில் தட்டினார். “இதுதான் படிச்ச மனிசர் வேணுமெண்டுறது,” என்றார்.

நான் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தேன். அவ்வளவே செய்தேன்.

எல்லோரும் போனபின் செல்வமலரைக் கூப்பிட்டேன். “ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

அவர் கையிலிருந்த எண்ணெயைப் பழந்துணியில் துடைத்தார். “உண்மையைச் சொன்னால் ரெண்டு பேருக்கும் வேலை போகும், ஐயா. இப்ப ஒருத்தருக்கும் போகேல்ல. அந்தப் பலகையை மட்டும் கழட்டிவிடுங்கோ.”

மறுநாள் காலை கழற்றினேன். புதிய ஒழுங்கு எழுதினேன்: ஒவ்வொரு நிரலுக்கும் மூன்று பிரதி. ஒன்று கணினியில், ஒன்று பட்டறை அலுமாரியில், ஒன்று வேற்றூரில். இருவர் நின்று, கேட்டு, பதில் பெற்று, திறந்து பார்த்த பின்பே கையொப்பம். கீழே என் பெயர். அதையும் என் சாதனையாகவே எல்லோரும் சொன்னார்கள். மழை தொடங்குமுன் ஆறு தண்டுகளும் போய்ச் சேர்ந்தன. குளம் அந்த ஆண்டு நிறைந்தது.

நான் ஓய்வுபெற்றபோது விழா எடுத்தார்கள். ‘முன்னறிந்து காத்தவர்’ என்று கேடயத்தில் பொறித்திருந்தார்கள். பொறித்த இயந்திரத்துக்கு நிரல் எழுதியவர் செல்வமலர். மூன்றாம் வரிசையில் இருந்து கைதட்டினார்.

அந்தக் கேடயம், ஓய்வின் பின் நான் குடிவந்த வேற்றூர் வீட்டின் முன்னறையில் இருக்கிறது. இன்று பட்டறையில் இயந்திரங்கள் தாமே பிரதி எடுத்துக்கொள்கின்றனவாம். எவரும் எவரையும் கேட்க வேண்டியதில்லை.

எழுதுவதற்கு முன்

இதை எழுதப்போவதாக மனைவியிடம் சொன்னேன். அவர் குசினியிலிருந்து வெளியே வந்து நின்றார்.

“இப்ப இதை ஆர் கேட்டது? மாலை போட்ட சனம் மாலையைத் திருப்பிக் கேக்கேல்லைத்தானே?”

“கேக்கேல்ல.”

“பிறகென்ன? அப்ப அந்தக் கேடயத்தை என்ன செய்யிறது?” அன்று தூசு துடைக்கும்போது அதைச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்தார்.

எழுதி முடித்ததும் செல்வமலருக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது அவர்தான் அந்தப் பட்டறையில் இயந்திரப் பகுதிக்குப் பொறுப்பு. முழுவதையும் வாசித்துக் காட்டினேன்.

“மூண்டு கிழமைக்கு முன்ன எழுதினதையும் வாசிச்சனான், ஐயா,” என்றார் முடிவில்.

“ஒண்டும் சொல்லேல்லையே.”

“நீங்கள் கேக்கேல்லையே.”

பிறகு அவர் சொன்னார்: “எழுதுறதெண்டால் பற்றரியை வெயிலில வைச்சதையும் எழுதுங்கோ. பற்றரி பழுதாப்போச்செண்டு ஒரு வரியில முடிச்சிருக்கிறியள். அதிலதானே எல்லாம் கிடக்கு.”

உண்மை. என் முதற் படியில் அந்தத் தகரம் இருக்கவில்லை. கல்லூரியில் படித்த ஒருவன் ரோச் பற்றரியை வெயிலில் காயவைத்த காட்சியை நான் விட்டிருந்தேன். அவர் சொன்னபின் அதை எழுதி, முதலிலேயே வைத்தேன்.

இன்று காலை, பத்திரிகைக்கு அனுப்புமுன், தாள்களை ஒவ்வொன்றாகக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தேன். மீண்டும் அவருக்கு அழைப்பு எடுத்தேன். பின்னால் இயந்திரச் சத்தம் கேட்டது. ஒரு பிரதி அவரிடம் இருக்க வேண்டும் என்றேன். வேற்றூரில் ஒன்று.

“ஆயத்தமோ?” என்று கேட்டேன்.

“நில்லுங்கோ, ஐயா.”

இயந்திரச் சத்தம் ஓய்ந்தது. பழந்துணியில் கை துடைப்பதாக இருக்க வேண்டும், ஒரு சிறு சரசரப்புக் கேட்டது. நான் காத்திருந்தேன்.

“ஓம். இப்ப விடுங்கோ.”